தாளைக் காப்பது மணலா?
கொல்லைப்புறக் குட்டைக் கையேடுகள் பற்றி ஒரு திறனாய்வு

கொல்லைப்புறத்தில் ஒரு சிறு குட்டை வெட்டி, அதில் அல்லியோ தாமரையோ வளர்த்து, நாலைந்து மீன்களையும் விட வேண்டும் என்னும் ஆசை பலருக்கு உண்டு. சிமெண்டுத் தொட்டி கட்டுவதென்றால் கொத்தனார், செங்கல், கம்பி, பூச்சு என்று செலவு ஏறிக்கொண்டே போகும். பள்ளம் வெட்டி பாலிதீன் தாளை விரித்துவிட்டால் இரண்டே நாளில் வேலை முடிந்துவிடுகிறது. ஆகவே, இன்று வீட்டுக் குட்டைகள் மட்டுமன்றி, வேளாண் நிலங்களில் வெட்டப்படும் பண்ணைக் குட்டைகள் பலவும் தாள் விரித்தே அமைக்கப்படுகின்றன.

இத்தகைய குட்டையை அமைப்பது எப்படி என்று விளக்கும் கையேடுகளும், தாள் விற்கும் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் துண்டுத் தாள்களும், தோட்டக்கலை நூல்களின் அத்தியாயங்களும் ஏராளம். இவற்றுள் பத்துப் பன்னிரண்டை நான் வரிசையாக வைத்துப் படித்துப் பார்த்தேன். அவற்றில் எந்த ஒன்றையும் பெயர் குறிப்பிட்டுக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஏனெனில், குறை ஒருவருடையதன்று. எல்லாக் கையேடுகளும் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியவை போல ஒரே வாக்கியங்களைச் சொல்கின்றன. ஒரே இடங்களில் மௌனம் சாதிக்கின்றன. அந்த வாக்கியங்களையும் அந்த மௌனங்களையும் இயற்பியலின் துணைகொண்டு ஆராய்வதே நம் நோக்கம்.

இதற்கு ஏன் இவ்வளவு முயற்சி என்று நீங்கள் கேட்கலாம். தாளில் ஒரே ஒரு துளை விழுந்தால் போதும், குட்டை வீணாகிவிடும். வீட்டுக் குட்டையானால் சில ஆயிரம் ரூபாயும் சில மீன்களும் போகும். பண்ணைக் குட்டையானால் ஒரு குடும்பத்தின் கோடைக்காலப் பயிரே போய்விடும். கையேட்டை நம்பி மண்வெட்டியைக் கையில் எடுப்பவருக்கு, அது சரியானதைச் சொல்ல வேண்டும். காரணத்தோடு சொல்ல வேண்டும்.

கையேடுகள் சொல்வது என்ன?

ஏறத்தாழ எல்லாக் கையேடுகளும் தரும் செய்முறை இதுதான்: பள்ளத்தை வெட்டுக, கற்களையும் வேர்களையும் பொறுக்குக, 5 செ.மீ. கனத்துக்கு மணல் பரப்புக, அதன்மேல் தாளை விரிக்க, விளிம்பில் கற்களை வைக்க, நீரை நிரப்புக.

தாளின் அளவைக் கணக்கிட அவை தரும் சூத்திரம் ஒன்று உண்டு. குட்டையின் மேல்நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கைக் கூட்டி, அதோடு விளிம்புக்காக இருபுறமும் 30 செ.மீ. சேர்க்க வேண்டும், அகலத்துக்கும் அவ்வாறே. 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் உள்ள குட்டைக்கு 5.6 மீட்டர் நீளமும் 4.6 மீட்டர் அகலமும் உள்ள தாள் வேண்டும். இச்சூத்திரம் சரியானதே. பக்கச்சுவர் செங்குத்தாக இல்லாமல் சரிவாக இருந்தால் என்ன செய்வது என்று சிலர் குழம்புவர். கவலை வேண்டாம். முக்கோணத்தின் இரு பக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றாம் பக்கத்தைவிடப் பெரியது என்று பள்ளியில் படித்தோம் அல்லவா? சரிவு எப்படி இருந்தாலும் தாள் இந்த அளவுக்குமேல் தேவைப்படாது; கொஞ்சம் மிஞ்சவே செய்யும். அந்த மிச்சம் எவ்வளவு நல்லது என்பதைப் பின்னர்க் காண்போம். சூத்திரத்தைத் தரும் கையேடுகளில் ஒன்றேனும் இந்த எளிய விளக்கத்தைத் தந்திருந்தால், மாணவர்கள் மகிழ்ந்திருப்பார்கள்.

கல்லைப் பொறுக்கச் சொல்வதும் மிகச் சரியே. ஆனால் ஏன் பொறுக்க வேண்டும்? "கல் தாளைக் கிழிக்கும்" என்பதோடு கையேடு நின்றுவிடுகிறது. கிழிப்பது கல்லா, நீரா, அல்லது நாமேதானா?

நீரின் எடையைத் தாங்குவது எது?

1 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு 100 கிராம் எடை. அதாவது, ஒரு சதுர மீட்டருக்கு 1,000 கிலோ. இதைக் கேட்டவுடன், அரை மில்லிமீட்டர் கனமுள்ள தாள் ஒரு டன் எடையைத் தாங்குகிறதே என்று வியக்கத் தோன்றும். உண்மையில் தாள் அந்த எடையைத் தாங்குவதே இல்லை. தாங்குவது கீழே உள்ள மண். சமமான, கெட்டியான தரையின்மேல் தாள் படிந்து கிடக்கும்போது, நீர் அதை மேலிருந்து அழுத்துகிறது. தரை அதே அளவு கீழிருந்து அழுத்துகிறது. தாள் இரண்டுக்கும் இடையில் சும்மா கிடக்கிறது. பையில் இருக்கும் பணத்தாள் நம் உடல் எடையால் கிழிவதில்லை அல்லவா? அதுபோலத்தான்.

தொல்லை தொடங்குவது தரை சமமாக இல்லாத இடத்தில்தான். 2 செ.மீ. உயரம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கூரிய ஜல்லிக் கல்லை எண்ணிப் பாருங்கள். தாள் அதன்மேல் கூடாரம்போல் நிற்கும். கல்லைச் சுற்றி 5 செ.மீ. ஆரத்துக்குத் தாளின் அடியில் வெற்றிடம் இருப்பதாகக் கொள்வோம். அந்த வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 78 சதுர செ.மீ. 1 மீட்டர் ஆழத்தில் அதன்மேல் உள்ள நீரின் விசை 7.8 கிலோ எடை. இதில் பாதியை வட்டத்தின் ஓரத்திலுள்ள மண் தாங்கிக்கொண்டாலும், மீதி 4 கிலோ கல்லின் நுனிமேல் விழுகிறது. நுனியின் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டர் என்றால், அங்கே அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு 400 கிலோ! நீரின் அழுத்தத்தைப்போல் 4,000 மடங்கு. கல் வெறுமனே இருந்தால் தீங்கில்லை. நீர் வெறுமனே அழுத்தினாலும் தீங்கில்லை. இரண்டும் கூடி, பரந்த விசையை ஒரு நுனியில் திரட்டும்போதுதான் தாள் துளைபடுகிறது.

இனி, கையேடுகள் சொல்லாத ஒன்றைப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர், தாளை விரித்துவிட்டு, சுருக்கத்தை நீக்குவதற்காக அதன்மேல் நடக்கிறார். ஒரு காலின் குதிகால் மட்டும் தரையில் பதியும் கணத்தில், ஏறத்தாழ 30 சதுர செ.மீ. பரப்பின்மேல் அவருடைய முழு எடையும் விழுகிறது. அழுத்தம் சதுர செ.மீ.க்கு 2 கிலோ. இது 20 மீட்டர் ஆழமுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமம். நம் குட்டையின் ஆழமோ ஒரு மீட்டர்! தாளைக் கிழிக்கப்போவது நீர் என்று எண்ணி அஞ்சிக்கொண்டிருக்கும்போதே, நம் குதிகால் அதைப்போல் இருபது மடங்கு வேலையைச் செய்து முடித்துவிடுகிறது. செருப்பின் அடியில் ஒரு சிறு கல் ஒட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். குப்பைக் கிடங்குகளிலும் கால்வாய்களிலும் பெரிய அளவில் தாள் விரிக்கும் பொறியாளர்களின் அனுபவமும் இதுவே. பெரும்பாலான துளைகள் நீர் வந்தபின் விழுவதில்லை. தாளை விரிக்கும்போதும், அதன்மேல் கல்லும் மண்ணும் கொட்டும்போதும்தான் விழுகின்றன.

ஆகவே, "வெறுங்காலோடு இறங்குக; குறைந்த அளவே நடக்க" என்னும் ஒரு வாக்கியம், மணல் பரப்புவது பற்றிய ஒரு பக்கத்தைவிடப் பயனுடையது. அந்த வாக்கியத்தை இரண்டே கையேடுகளில்தான் கண்டேன்.

இறுக்கமும் தளர்வும்

"தாளைச் சுருக்கமின்றி இழுத்து விரிக்க வேண்டும்" என்று பல கையேடுகள் அறிவுரை கூறுகின்றன. பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால், இதைவிடத் தவறான அறிவுரை வேறில்லை.

சுவரும் அடித்தளமும் சந்திக்கும் மூலையை எண்ணிப் பாருங்கள். இறுக்கி இழுத்த தாள் அங்கே மூலைக்குள் போய்ப் படியாது. மத்தளத்தின் தோல்போல் குறுக்கே நிற்கும். பின்னால் வெற்றிடம், முன்னால் நீர். இப்போதுதான் தாள் உண்மையிலேயே எடை தாங்குகிறது. இவ்வாறு வளைந்து நிற்கும் தாளில் உள்ள இழுவிசையை ஓர் எளிய விதி தருகிறது: ஒரு செ.மீ. அகலத்துக்கு உள்ள இழுவிசை = நீரின் அழுத்தம் × வளைவின் ஆரம். சோப்புக் குமிழியைப் பற்றிய பாடத்தில் லாப்லாஸ் பெயரால் வரும் உறவும் இதன் உறவினன்தான்.

1 மீட்டர் ஆழத்தில், அரை மில்லிமீட்டர் கனமுள்ள தாளுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். தாள் தளர்வாக இருந்து மூலைக்குள் நன்றாக இறங்கி, 2 செ.மீ. ஆரத்தில் வளைந்தால், தாளின் குறுக்குவெட்டில் தகைவு சதுர செ.மீ.க்கு 4 கிலோ. 20 செ.மீ. ஆரத்தில் நின்றால் 40 கிலோ. மிகவும் இறுக்கமாக, 60 செ.மீ. ஆரத்தில் ஏறத்தாழத் தட்டையாக நின்றால் 120 கிலோ. சாதாரணப் பாலிதீன் மீளமுடியாமல் நீளத் தொடங்கும் எல்லை சதுர செ.மீ.க்கு 100 கிலோவை ஒட்டியது. அதற்குக் குறைந்த தகைவிலும்கூட, விசை ஆண்டுக்கணக்கில் நீடித்தால் பாலிதீன் மெல்ல மெல்ல நீண்டு மெலிந்துகொண்டே போகும். ஒட்டுப் போட்ட இடம் இருந்தால் அதுவே முதலில் விட்டுக்கொடுக்கும்.

இங்கே ஒரு வியப்பு இருக்கிறது. தட்டையாக, இறுக்கமாக, வலுவாகத் தோன்றும் தாளே அதிகம் துன்பப்படுகிறது. தொளதொளவென்று சுருங்கிக் கிடக்கும் தாள் தரையைத் தேடிப் படிந்து, எடையை மண்ணிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறது. முன்பு சூத்திரத்தில் மிஞ்சிய தாள் இதற்குத்தான். அதை வெட்டியெறியக் கூடாது; மடிப்புகளாக உள்ளேயே விட வேண்டும். விளிம்பையும் நீர் நிரம்பும்வரை புதைக்கவோ, கல் வைத்து அழுத்தவோ கூடாது. நீர் ஏற ஏறத் தாள் தனக்கு வேண்டிய அளவை விளிம்பிலிருந்து இழுத்துக்கொள்ளும். நிரம்பி, ஓரிரு நாள் கழிந்தபின், ஓரத்தில் 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி அதில் தாளின் ஓரத்தை மடக்கி மண்ணிட்டு மூடலாம். கையேடுகள் தரும் வரிசையில் விளிம்புக் கல் முதலிலும் நீர் பின்னாலும் வருகின்றன. வரிசையை மாற்றினால் போதும். கூடுதல் செலவு ஒரு காசும் இல்லை.

இத்துடன் வெயிலையும் சேர்த்துப் பாருங்கள். "தாளைச் சிறிது நேரம் வெயிலில் காயப் போட்டால் இளகும், பிறகு விரிப்பது எளிது" என்பது குளிர் நாடுகளில் எழுதப்பட்ட நூல்களிலிருந்து அப்படியே வந்த குறிப்பு. அந்நாடுகளில் அது நல்ல குறிப்பே. நம் ஊர்ச் சித்திரை வெயிலில், கறுப்புத் தாள் தொட முடியாதபடி கொதிக்கும். பாலிதீன் ஒரு பாகை வெப்பத்துக்குத் தன் நீளத்தில் பத்தாயிரத்தில் ஒன்றரை முதல் இரண்டு பங்கு விரியக்கூடியது. 10 மீட்டர் நீளமுள்ள தாள் 40 பாகை குளிர்ந்தால் 6 முதல் 8 செ.மீ. சுருங்கும். நண்பகலில் சமமாக விரித்துக் கல் வைத்த தாள், குளிர்ந்த நீர் பட்டதும் மத்தளமாகிவிடும். ஆகவே, நம் ஊரில் தாள் விரிக்க ஏற்ற நேரம் விடியற்காலை. கையேடுகளை மொழிபெயர்ப்பவர்கள் சொற்களை மட்டும் தமிழாக்குகிறார்கள். வெயிலைத் தமிழாக்க மறந்துவிடுகிறார்கள்.

மணல் மெத்தை

இனி, எல்லாக் கையேடுகளும் ஒரே குரலில் போற்றும் மணலுக்கு வருவோம்.

என் வீட்டுக் கொல்லையில், கையேட்டில் உள்ளபடியே ஒரு சிறு குட்டை அமைத்தேன். ஆழம் 60 செ.மீ. மணல் மெத்தை அளவெடுத்தாற்போல் 5 செ.மீ. ஒரு மாதம் நன்றாக இருந்தது. பிறகு நீர்மட்டம் நாள்தோறும் இறங்கத் தொடங்கியது. அடியிலிருந்து ஏறத்தாழ 25 செ.மீ. உயரத்துக்கு வந்ததும் இறக்கம் நின்றுவிட்டது. இது துளையின் முகவரி. நீர்மட்டம் எங்கே நிற்கிறதோ அந்த உயரத்தில்தான் துளை இருக்கும். சுற்றிலும் தேடியபோது, சுவரில் அதே மட்டத்தில் ஒரு கிழிசல். அதன் பின்னால் ஒரு ஜல்லிக் கல். பரப்பிய மணலோ அங்கே இல்லை. அடியில் போய்க் குவிந்து கிடந்தது.

காரணம் எளிது. உலர்ந்த மணலைக் குவித்தால் அதன் சரிவு ஏறத்தாழ 30 முதல் 35 பாகைக்குமேல் நிற்காது. என் குட்டையின் சுவர்ச் சரிவு 45 பாகைக்குமேல். மணலை நனைத்துப் பூசியபோது ஒட்டிக்கொண்டது. ஈரம் உலர்ந்ததும் வழிந்துவிட்டது. மணல் தரையில் மெத்தை, சரிவில் மாயை. வீட்டுக் குட்டைகளில் பெரும்பாலான பரப்பு சரிவுதான் என்பதைக் கையேட்டை எழுதியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை; எழுதியதை நம்பிய நானும் எண்ணிப் பார்க்கவில்லை.

மணலுக்கு எதிராக இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. இது இன்னும் கடுமையானது. தாளில் 2 மி.மீ. விட்டமுள்ள, அதாவது ஒரு தீக்குச்சி நுழையும் அளவுள்ள துளை இருப்பதாகக் கொள்வோம். கீழே தடையில்லாத வெற்றிடமோ பருத்த சரளையோ இருந்தால், டாரிசெல்லியின் விதிப்படி, 1 மீட்டர் ஆழத்தில் நீர் வினாடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் பீறிடும். துளையில் தாரை ஒடுங்குவதையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், ஒரு நாளில் வெளியேறும் நீர் ஏறத்தாழ 700 லிட்டர். 6 சதுர மீட்டர் பரப்புள்ள குட்டையில் இது ஒரே நாளில் 12 செ.மீ. இறக்கம்! மணல் ஓரளவு தடை தரும். ஆயினும் ஒழுகிய நீரை நாலாபுறமும் பரப்பி வழிந்தோடச் செய்துவிடும். ஆனால், அதே துளையின் கீழே ஈரமான களிமண் தாளோடு ஒட்டிப் படிந்திருந்தால், நீர் போக வழியின்றிக் கசிவு மிகச் சொற்பமாகிவிடுகிறது. குப்பைக் கிடங்குகளின் அடியில் களிமண்ணைக் கெட்டித்து, அதன்மேல் நேராகத் தாளைப் படியவைப்பது இதனால்தான். களிமண் தாளைக் காக்கிறது. தாள் களிமண்ணை உலராமல் காக்கிறது. நம் ஏரிகளின் அடியில் படியும் கரம்பை மண்ணும் நீரைத் தேக்குவதில் இவ்வேலையையே செய்கிறது.

எனவே, கரம்பையோ களிமண்ணோ கிடைக்கும் ஊரில், அதைச் சலித்து, நனைத்து, சுவரில் கையால் அப்பி, மட்டப்பலகையால் தேய்த்து, ஈரம் காயுமுன் தாளை விரிப்பது மணலினும் சிறந்தது. சரிவிலும் அது நிற்கும். ஆற்று மணலை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆற்றைச் சுரண்ட வேண்டியதும் இல்லை. மணலுக்கு மாற்றாகக் கல்லை உடைத்து ஆக்கும் எம்-சாண்டைச் சிலர் பரப்புகின்றனர். அதன் துகள்கள் கூர்முனை உடையவை. ஆற்று மணல்போல் உருண்டு தேய்ந்தவை அல்ல. மெத்தை என்று நம்பி உப்புத்தாளை விரிப்பதற்கு ஒப்பானது இது.

பழைய சாக்கு, பழைய செய்தித்தாள், பழைய கம்பளம் ஆகியவற்றையும் கையேடுகள் பரிந்துரைக்கின்றன. செய்தித்தாளும் சணல் சாக்கும் மண்ணின் ஈரத்தில் ஓரிரு ஆண்டுகளில் மக்கிவிடும். தாளோ பத்து ஆண்டுகளேனும் உழைக்க வேண்டும். மெத்தை மக்கிய பிறகு பாதுகாப்பு எங்கே? சிமெண்டுச் சாக்கு மக்காது. ஆனால், மெலிதாகையால் கல்முனையை மழுக்காது. ஒட்டியிருக்கும் சிமெண்டுத் துணுக்குகள் புதிய கற்களாகிவிடும்.

இவற்றுக்கெல்லாம் மாற்று, செயற்கை இழைகளை நெய்யாமல் ஊசிகளால் குத்திப் பிணைத்த தடித்த துணி. கடைக்காரர்கள் ஜியோடெக்ஸ்டைல் என்பார்கள். இது மக்காது, சரிவிலும் நழுவாமல் நிற்கும். முன்பு பார்த்த கல்லின் 4 கிலோ விசையை, ஒரு சதுர மில்லிமீட்டரிலிருந்து ஒரு சதுர செ.மீ.க்குப் பரப்பிவிட்டால், 400 கிலோ அழுத்தம் 4 கிலோவாகக் குறைந்துவிடுகிறது. துணி செய்யும் வேலை இதுதான். விசையைக் குறைப்பதில்லை, பரப்புகிறது. கல் நிறைந்த தரைக்கும், கோடையில் வெடிப்பு விடும் கரிசல் மண்ணுக்கும் இத்துணியே சிறந்தது. ஆயினும் இதற்கும் ஒரு குறை உண்டு. தாளில் துளை விழுந்தால் துணியும் மணலைப்போல் நீரைப் பக்கவாட்டில் பரப்பும். கல்லுக்கு அஞ்சினால் துணி. கசிவுக்கு அஞ்சினால் களிமண். எது வேண்டும் என்பதை உங்கள் மண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எல்லா ஊருக்கும் ஒரே மருந்து என்பது கையேட்டின் பிழை.

கோரையும் மழையும்

கற்களைப் பற்றி எச்சரிக்கும் கையேடுகள் கோரையைப் பற்றிப் பேசுவதில்லை. கோரைக் கிழங்கின் முளை ஊசிபோல் கூரியது. வயலில் பரப்பும் பாலிதீன் மூடாக்கையே துளைத்துக்கொண்டு மேலே வருவது உழவர்கள் நன்கு அறிந்தது. கோரை உள்ள நிலத்தில் கிழங்குகளைத் தோண்டி எடுக்காமல் தாள் விரிப்பது, ஊசிகளைத் தூவி அதன்மேல் விரிப்பதாகும். மூங்கில் புதரின் அருகிலும் குட்டை வேண்டாம்.

கீழிருந்து வரும் இன்னொரு பகை, நீரேதான். வடகிழக்குப் பருவமழையில் நிலம் ஊறிப்போய், தாளுக்கு வெளியே உள்ள நீர்மட்டம் உள்ளே இருப்பதைவிட உயர்ந்துவிட்டால், தாள் மேல்நோக்கித் தள்ளப்படும். வெறும் 10 செ.மீ. வேறுபாடு போதும், ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோ மேல்நோக்கு விசை. அரை மில்லிமீட்டர் தாளின் எடையோ சதுர மீட்டருக்கு அரைக் கிலோதான். தாள் கிழியாவிட்டாலும், யானையின் முதுகுபோல் உப்பிக்கொண்டு, தொட்டிச் செடிகளைக் கவிழ்த்துவிடும். பாலிதீன் நீரைவிட இலேசானது என்பதால், அடியில் புகுந்த நீரின்மேல் அது தானாகவே மிதக்கவும் பார்க்கும். தாளின் அடியில் மக்கும் வேர்களிலிருந்தும் இலைகளிலிருந்தும் எழும் வாயுக்களும் இப்படியே உப்பவைக்கும்.

இதற்கு வழி: குட்டையைத் தோட்டத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் வெட்டாதீர்கள். விளிம்பைச் சுற்றுத் தரையைவிட ஒரு சாண் உயர்த்துங்கள். குட்டையைக் காலி செய்து கழுவுவதைக் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அதைக் காலியாக விடாதீர்கள். குட்டையில் நிறைந்திருக்கும் நீரே தாளுக்குச் சிறந்த காவல்!

விளிம்பைப் பற்றி ஒரு சொல். நீர்மட்டம் இறங்கினாலே துளை என்று முடிவு கட்டி, தாளைப் பிடுங்கிப் பார்ப்பவர்கள் உண்டு. விளிம்பைத் தாண்டி உள்ளே தொங்கும் புல்லும், நீரைத் தொடும் மண்ணும், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் நீரை உறிஞ்சி வெளியே கடத்தும். இதை நுண்புழை ஏற்றம் என்று பாடநூலில் படிக்கிறோம். இனி, வெயிலில் ஆவியாவதும் உண்டு. எது காரணம் என்று அறிய ஓர் எளிய சோதனை: ஒரு வாளியைக் குட்டைக்குள் செங்கல்லின்மேல் வைத்து, வாளியின் உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் ஒன்றாக இருக்கும்படி நிரப்புங்கள். மூன்று நாள் கழித்துப் பாருங்கள். இரண்டும் சமமாக இறங்கியிருந்தால் அது ஆவியாதல். குட்டை மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால், முதலில் விளிம்பைப் பாருங்கள். பிறகே துளையைத் தேடுங்கள்.

மேலிருந்து வரும் பகை சூரியன். புற ஊதாக் கதிர்கள் பாலிதீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடும். 2 முதல் 3 விழுக்காடு கார்பன் கரித்தூள் கலந்த கறுப்புத் தாள் இக்கதிர்களை மேற்பரப்பிலேயே விழுங்கித் தன்னைக் காத்துக்கொள்கிறது. அத்தகைய காப்புச் சேராத மலிவான தார்ப்பாய், நீர்மட்டத்துக்கு மேலே உள்ள ஓரப் பட்டையில் முதலில் நொறுங்கும். எனவே, அந்தப் பட்டையைத் தட்டைக் கல்லாலோ மண்ணாலோ மறைப்பது அழகுக்காக மட்டுமன்று. அவ்வாறு வைக்கும் ஒவ்வொரு கல்லின் கீழும் மிச்சமான தாள் துண்டு ஒன்றை மடித்து வையுங்கள். தாள் வாங்கும்போது, நெய்த பாலிதீன் தாள்களுக்கு இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 15351 உண்டு என்பதை நினைவிற்கொண்டு கேளுங்கள்.

மிகப் பெரிய மௌனம்

இதுவரை தாளைக் காப்பது பற்றிப் பேசினோம். தாளிடமிருந்து மனிதரைக் காப்பது பற்றிக் கையேடுகள் ஒரு வரியும் எழுதவில்லை. இதுவே என் மிகப் பெரிய குறை.

மண் குட்டையில் தவறி விழுந்தவர் கரையைப் பற்றி ஏறிவிட முடியும். நனைந்து பாசி படிந்த பாலிதீன் சரிவில் உராய்வு மிகக் குறைவு. கை பற்றுவதற்கு ஒரு வேரோ, கால் ஊன்றுவதற்கு ஒரு கல்லோ இராது. நீந்தத் தெரிந்தவரும் ஏற முடியாமல் களைத்துப்போவார். தாள் விரித்த பண்ணைக் குட்டைகளில் சிறுவர்களும் கால்நடைகளும் மூழ்கி இறந்த செய்திகளை நாளிதழ்களில் நாம் படித்திருக்கிறோம். தாளுக்கு வலி தராத சுவரைத் தேடித் தேடி வழவழப்பாக்குகிறோம். அந்த வழவழப்பே உயிருக்கு எமனாகிறது.

இதற்கான பரிகாரம் கடினமானதன்று. ஒரு பக்கத்தையேனும் படிப்படியாக, முழங்கால் ஆழத்துக்கு மேற்படாத திட்டாக வெட்டுங்கள். அத்திட்டில் தாளின்மேல் தடித்த துணியை விரித்து, அதன்மேல் உருண்டைக் கற்களைப் பதியுங்கள். ஆழமான குட்டையானால், மூலைகளில் முடிச்சுகள் இட்ட கயிற்றைக் கரையில் உள்ள மரத்திலோ ஆழ நட்ட கம்பத்திலோ கட்டி உள்ளே தொங்கவிடுங்கள். சுற்றிலும் வேலி கட்டாயம். சிறு குழந்தை உள்ள வீட்டில், வேலி முடியும்வரை நீர் நிரப்ப வேண்டாம்.

நல்ல கையேடு எப்படி இருக்க வேண்டும்?

கையேடு எழுதுபவர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கல்லைப் பொறுக்கு, அளவைக் கணக்கிடு, அடியில் மெத்தை போடு என்று அவர்கள் சொன்னவற்றில் பாதிக்குமேல் சரியே. ஆனால், காரணம் சொல்லாத அறிவுரை, சூழ்நிலை மாறியதும் பயனற்றுப்போகிறது. "மணல் பரப்புக" என்று மட்டும் படித்தவர், சரிவில் மணல் நிற்காதபோது என்ன செய்வார்? "தாள் தரையில் படிந்திருக்க வேண்டும், இடையில் வெற்றிடமும் முனையும் கூடாது" என்று படித்தவரோ, மணல் இல்லாவிட்டால் களிமண்ணைத் தேடுவார், களிமண் இல்லாவிட்டால் துணியைத் தேடுவார். ஒரே ஒரு கோட்பாட்டை அறிந்தவருக்குப் பத்துச் செய்முறைகள் தாமாகவே தோன்றும்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அழுத்தம், பரப்பு, இழுவிசை, நுண்புழை, வெப்ப விரிவு என்று தனித்தனி அத்தியாயங்களாக நீங்கள் படிப்பவை அனைத்தும், கொல்லைப்புறத்தில் வெட்டும் ஒரு குழிக்குள் ஒன்றாக வந்து நிற்கின்றன. உங்கள் வீட்டிலோ, உறவினர் நிலத்திலோ யாரேனும் தாள் விரிக்கப்போகிறார்கள் என்றால், முதல் நாள் மாலையே அங்கே செல்லுங்கள். வெறுங்காலோடு குழிக்குள் இறங்கி, சுவரையும் தரையையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். உங்கள் கையை உறுத்துவது எதுவோ, அதுவே நாளை தாளையும் உறுத்தும். எந்தக் கையேட்டிலும் இல்லாத இந்தச் சோதனைக்குச் செலவும் இல்லை, கருவியும் வேண்டாம்.

(சொல்லப்பட்ட கணக்குகளை, உங்கள் குட்டையின் ஆழத்துக்கும் தாளின் கனத்துக்கும் ஏற்ப மாற்றி, நீங்களே போட்டுப் பாருங்கள்.)